கோப்பு யாருடையது? பிரிட்டனின் பராமரிப்புப் பதிவுகளும் அவற்றைத் தேடும் பிள்ளைகளும்

1980 ஜூன் மாதம் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கிரஹாம் காஸ்கின் தோற்றார். அவர் கேட்டது தன்னைப் பற்றி லிவர்பூல் நகர மன்றம் வைத்திருந்த ஒரு கோப்பு. 1959 டிசம்பரில் பிறந்தவர் அவர். தாய் இறந்துபோக, 1960 செப்டம்பரில், ஒரு வயதுகூட நிரம்பாத நிலையில், 1948ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்கீழ் மன்றத்தின் பராமரிப்புக்கு வந்தார். பதினெட்டு வயதில் வெளியேறும்வரை பெரும்பாலான காலத்தை வெவ்வேறு வளர்ப்புக் குடும்பங்களில் கழித்தார். அந்த ஆண்டுகளில் தாம் கொடுமைப்படுத்தப்பட்டதாகச் சொல்லி, கவனக்குறைவுக்காக மன்றத்தின்மீது வழக்குத் தொடுக்க முனைந்தார். வழக்குக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரமெல்லாம் எதிராளியின் அலமாரியில் இருந்தது.

நீதிமன்றம் மறுத்ததற்குச் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. மருத்துவர், ஆசிரியர், காவலர், சமூகப் பணியாளர், வளர்ப்புப் பெற்றோர் எனப் பலரும் ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கையில்தான் குழந்தையைப் பற்றி எழுதுகிறார்கள். அந்த நம்பிக்கை குலைந்தால் யாரும் மனம்திறந்து எழுதமாட்டார்கள். குழந்தைப் பராமரிப்புப் பணியே பாதிக்கப்படும். டென்னிங் பிரபு உள்ளிட்ட நீதிபதிகள் ஏற்றுக்கொண்ட வாதம் இது. எழுதியவர்களின் ரகசியத்துக்குக் கிடைத்த மதிப்பு, எழுதப்பட்டவரின் வாழ்க்கைக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பின்னான நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் பிரிட்டனின் சட்டம் வெகுவாக மாறிவிட்டது. ஆனாலும் தேடி வருபவர்களின் குறைகள் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன: தாமதம், காணாமல்போன பக்கங்கள், கறுப்பு மை. சட்டம் போதாததால் இப்படி என்று சொல்வது எளிது. ஆனால் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. கோப்பை அலுவலகத்தின் சொத்தாகவும், கேட்டு வருபவரை வெளியாராகவும் பார்க்கும் அடிப்படையைச் சட்டத் திருத்தங்கள் தொடவே இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காஸ்கின் வழக்கு அங்கே முடியவில்லை. 1983இல் வந்த அரசுச் சுற்றறிக்கைக்குப் பின் லிவர்பூல் மன்றம் ஒரு வழி கண்டது: கோப்பில் எழுதியவர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் போடுவது, சம்மதித்தவர்களின் தாள்களை மட்டும் கொடுப்பது. கோப்பில் 46 பேர் எழுதிய 352 ஆவணங்கள் இருந்தன. 1986 மே மாதம் காஸ்கினின் வழக்கறிஞர்களுக்குப் போய்ச் சேர்ந்தவை 19 பேரின் 65 ஆவணங்கள். மற்றவர்களில் மறுத்தவர்கள் உண்டு. பதிலே போடாதவர்களும் உண்டு. ஒரு மனிதனின் குழந்தைப் பருவத்தைப் பற்றிய தாள்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே அவனுக்குக் கிடைத்தன, அதுவும் முன்பின் தெரியாத சிலரின் தயவில்.

ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1989 ஜூலை 7 அன்று தீர்ப்பளித்தது. தனி வாழ்வுக்கும் குடும்ப வாழ்வுக்கும் மதிப்பளிக்கும், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு மீறப்பட்டது என்று 11 நீதிபதிகளும், மீறப்படவில்லை என்று 6 நீதிபதிகளும் கருதினார்கள். தன் இளமைக் காலத்தை அறிந்து புரிந்துகொள்வதில் இத்தகையோருக்கு இன்றியமையாத நலன் உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. இந்தத் தீர்ப்பைப் பலரும் கோப்பைப் பெறும் உரிமையின் பிறப்பாகக் கொண்டாடுகிறார்கள். தீர்ப்பின் உள்ளடக்கம் அதைவிடக் குறுகியது. எழுதியவரின் சம்மதத்தை எதிர்பார்க்கும் முறையை நீதிமன்றம் தவறென்று சொல்லவில்லை. அவர் மறுத்தாலோ மௌனம் காத்தாலோ, இறுதி முடிவெடுக்கச் சுதந்திரமான அமைப்பு ஒன்று இல்லை, மீறல் அதில்தான். கோப்பு எவருடையது என்ற கேள்வியை நீதிமன்றம் விட்டுவிட்டு, எவர் முடிவு செய்வது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது.

தீர்ப்புக்குச் சற்று முன்பே வந்திருந்த உள்நாட்டு விதிகளும் பழைய கோப்புகளைத் தொடவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த சமூகப் பணிக் கோப்பு விதிகள், அந்தத் தேதிக்குப் பின் எழுதப்பட்ட பதிவுகளுக்கே உரிமை தந்தன. காஸ்கினின் தலைமுறைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. பழைய காகிதக் கோப்புகளுக்கும் சட்டப்படியான வழி திறந்தது 1998ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2000 மார்ச்சில் அமலானபோதுதான். இடைப்பட்ட காலத்தில் முறையிட இடமில்லாமல் இருந்ததற்காக, குழந்தைப் பருவத்தில் விட்டுவிட்டுப் பராமரிப்பில் இருந்த இன்னொருவரின் வழக்கில், 2002இல் பிரிட்டன் ஸ்ட்ராஸ்பூர்கில் மறுபடியும் தோற்றது.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக இந்த உரிமை வந்தது ஒரு விபத்து என்றே சொல்லவேண்டும். வங்கிக் கணக்கு, கடன் அட்டை, விற்பனைப் பட்டியல் ஆகியவற்றை மனத்தில் வைத்து வார்க்கப்பட்ட சட்டம் அது. அதன் கண்ணில் விண்ணப்பதாரர் ஒரு 'தரவுக்குரியவர்'. அவருக்கு உரிமையானது அவரைப் பற்றிய தகவல் மட்டுமே. ஆனால் குடும்பக் கதை அப்படித் துண்டாக வராது. தாய் ஏன் விட்டுப் போனாள், தம்பி எந்த ஊருக்கு அனுப்பப்பட்டான், தந்தை எத்தனை முறை வந்து வாசலில் நின்றார் என்பவையெல்லாம் சட்டத்தின் கணக்கில் 'மூன்றாம் நபர்' தகவல்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பாட்டி சோறூட்டிக்கொண்டே சொல்லிவிடும் செய்திகள் இவை. பராமரிப்பில் வளர்ந்தவருக்கு அதே செய்திகளின்மீது கறுப்பு மை பூசப்படுகிறது.

சட்டம் இவ்வளவு கண்டிப்பானதும் அன்று. 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி மூன்றாம் நபரின் சம்மதம் இல்லாவிட்டாலும், வெளியிடுவது நியாயமானால் வெளியிடலாம். பணியின் நிமித்தம் எழுதிய சமூகப் பணியாளர் விஷயத்தில், வெளியிடுவது நியாயம் என்றே சட்டம் கொள்கிறது. இருந்தும் சில அலுவலகங்கள் அந்தப் பெயர்களையும் மறைத்து அனுப்புகின்றன. கோப்பைப் படித்துத் திருத்தும் ஊழியருக்கு, மறைத்ததற்காகத் தண்டனை வருவது அரிது. வெளியிட்டதற்காகப் புகார் வரலாம். அச்சம் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

கவிஞர் லெம் சிஸ்ஸேயின் கதை இந்த வாதத்துக்கு உயிரூட்டுகிறது. 1967இல் விகன் நகருக்கு அருகில் பிறந்தார். தாய் எத்தியோப்பியாவிலிருந்து படிக்க வந்த மாணவி. குழந்தைக்கு நார்மன் என்று பெயர் வைத்தவர் ஒரு சமூகப் பணியாளர். தத்தெடுப்புப் பத்திரத்தில் தாய் கையெழுத்திடவில்லை. ஆனாலும் வளர்ப்புக் குடும்பம் அவரைச் சொந்தப் பிள்ளையாகவே கருதலாம் என்று சொல்லப்பட்டது. பன்னிரண்டு வயதில் அந்தக் குடும்பம் அவரைத் திருப்பி அனுப்பிவிட, அடுத்தடுத்துக் காப்பகங்கள். பராமரிப்பை விட்டு வெளியேறும் பருவத்தில்தான் பிறப்புச் சான்றிதழில் தன் உண்மைப் பெயரைப் பார்த்தார். கூடவே, பிள்ளையைத் திருப்பிக் கேட்டு 1968இல் தாய் எழுதிய கடிதமும் கைக்கு வந்தது. அத்தனை ஆண்டுகள் அது கோப்பிலேயே கிடந்திருக்கிறது.

முழுக் கோப்பு கிடைத்தது 2015இல், ஏறத்தாழ முப்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. 2017இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில், தன்னைப் பற்றிய உளவியலாளர் அறிக்கையை ஒரு நடிகை வாசிக்க, பார்வையாளர் முன்னிலையில் முதன்முறையாகக் கேட்டார். 2019இல் வெளியான தன்வரலாற்றில் அலுவலகத் தாள்களை அப்படியே அச்சிட்டு, பக்கத்தில் தன் குரலை வைத்தார். இலக்கிய உத்தி என்று மட்டும் இதைப் பார்த்தால் போதாது. எந்த அலுவலகமும் அவருக்குத் தராத ஒன்றை, அதாவது கோப்புக்குள் பதில் எழுதும் இடத்தை, அவர் தாமே உண்டாக்கிக்கொண்டார்.

எட்டு வாரக் குழந்தையாக வளர்ப்பு வீட்டுக்குப் போய், பிற்காலத்தில் பிரபுக்கள் அவை உறுப்பினரான லோலா யங் 2024இல் எழுதிய நூலும் இதே வழியில் தன் கோப்போடு வாதாடுகிறது.

இவர்கள் பெயர் பெற்றவர்கள். மற்றவர்களின் தேடல் எந்த வாசலில் தொடங்குவது என்பதிலேயே சிக்கிக்கொள்கிறது. 1971இல் தனித்தனிக் குழந்தைகள் துறைகள் சமூகப் பணித் துறைகளில் கரைந்தன. 1974இல் உள்ளாட்சி எல்லைகள் திருத்தப்பட்டன. லண்டனில் அதற்கும் முன்பே, 1965இல், பழைய மாவட்ட மன்றம் கலைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் கோப்புகள் கைமாறின. பர்னார்டோ போன்ற அறக்கட்டளைகளின் பதிவுகள் அவர்களிடமே தனியாக உள்ளன. பிறந்த நாளிலிருந்து 75 ஆண்டுகள் கோப்பைக் காக்கவேண்டும் என்ற விதி 1991இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே அழிந்தவற்றை எந்த விதியும் மீட்காது.

எதிர்வாதத்தையும் சோதித்துப் பார்க்கவேண்டும். கோப்பு திறக்கப்பட்டால் எழுத்து வற்றிப்போகும் என்று 1980இல் நீதிபதிகள் அஞ்சினார்கள். திறந்த பின்னர் நடந்தது வேறு. 2011இல் குழந்தைப் பாதுகாப்புப் பணியை ஆராய்ந்த பேராசிரியர் ஐலின் மன்ரோவின் அறிக்கை, பணியாளர்களின் நேரத்தைப் படிவங்களும் பதிவு வேலைகளும் விழுங்குவதாகக் குறைபட்டது. எழுதுவது குறையவில்லை, எவருக்காக எழுதுகிறோம் என்பதுதான் மாறவில்லை. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் 2017 முதல் நடந்த 'மிர்ரா' ஆய்வு, பராமரிப்பில் வளர்ந்தவர்களையே உடன் ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டு, குழந்தையின் நினைவுக்கும் அடையாளத்துக்கும் பயன்படும் வகையில் பதிவு வைக்கும் முறையொன்றை முன்வைத்தது இந்த இடைவெளியைக் கண்டுதான்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது: பெற்றோரின் ரகசியம். பெயர் வெளியிடாமல் பிள்ளை பெறும் தாயின் உரிமையைக் காக்கும் பிரெஞ்சுச் சட்டத்தை, 2003இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 10க்கு 7 என்ற கணக்கில் ஏற்றது. அயர்லாந்து வேறு பக்கம் திரும்பியது. அங்கே 2022இல் வந்த பிறப்புத் தகவல் மற்றும் தேடல் சட்டம், பிறப்பு, இளமை, பராமரிப்பு ஆகியவை பற்றிய தகவல்களை மறைப்பின்றிப் பெறும் உரிமையைத் தருகிறது. தொடர்பு வேண்டாம் என்று பெற்றோர் பதிந்திருந்தால், விண்ணப்பதாரரிடம் அதை விளக்கும் ஓர் உரையாடல் நடக்கும். அதன்பின் தகவல் தரப்படும். தொடர்பை மறுக்கும் உரிமையும் தகவலை மறைக்கும் உரிமையும் ஒன்றல்ல என்று அந்தச் சட்டம் பிரித்துவிட்டது. தரவுச் சட்டத்தின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு இத்தகைய பிரிவினையைச் செய்ய முடியாது. தனிச் சட்டம் வேண்டும். பிரிட்டனில் 2014இல் வந்த வழிகாட்டுதல், கோப்பைத் தேடுவோருக்கு உதவும்படி மன்றங்களைக் கேட்டுக்கொள்வதோடு நின்றுவிட்டது.

தனிச் சட்டம் வருமானால் அது தீர்க்கவேண்டிய சிக்கல்களில் ஒன்றைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவரின் தகவலுக்கே பொருந்தும். பராமரிப்பில் வளர்ந்தவர் வாய்திறக்காமலே இறந்துபோனால், அவருடைய மகளோ பேரனோ கேட்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்வது கோப்பை வைத்திருக்கும் அலுவலகமே.