பரளச்சி வட்டாரத்தில் கொலைகள் கூடிவிட்டனவா? குற்றக் கணக்கை எப்படிப் படிப்பது?

2024 செப்டம்பர் தொடக்கத்தில் திருச்சுழி பக்கத்தைச் சேர்ந்த டிரைவர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். முன்பகைதான் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. உறவினர்கள் அருப்புக்கோட்டையில் மறியலில் இறங்கினார்கள். தடுக்க வந்த பெண் டி.எஸ்.பி.யின் தலைமுடியைப் பிடித்து இழுத்த காட்சி நாடு முழுவதும் தொலைக்காட்சிகளில் ஓடியது. இப்படி ஒரு வீடியோ வந்தால், வளைகுடாவில் வேலை செய்பவர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கும் முதல் கேள்வி, "ஊர் அவ்வளவு கெட்டுப்போச்சா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு ஒரு வீடியோவை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

முதலில் மாநிலக் கணக்கைப் பார்ப்போம். தமிழகத்தில் 2022-ல் பதிவான கொலை வழக்குகள் 1,690. 2024-ல் அது 1,540 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய 12 ஆண்டுகளில் இதுவே குறைவு என்று காவல்துறை அறிவித்தது. லட்சம் பேருக்கு ஏறக்குறைய 2 கொலை என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 2023-ல் இது 5-க்கும் 6-க்கும் இடையில் இருந்தது. அங்கே பெரும்பாலான கொலைகள் துப்பாக்கியால் நடப்பவை. நம் பக்கம் அரிவாள்.

இந்த 2 என்ற விகிதத்தை நம் மாவட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்ட மக்கள்தொகை 19.42 லட்சம், அப்படியானால் ஆண்டுக்குச் சுமார் 39 கொலைகள். 87,722 பேர் வாழ்ந்த அருப்புக்கோட்டை நகரத்துக்கு இரண்டுக்கும் குறைவு. பரளச்சி போன்ற கிராமப்புறக் காவல் நிலையத்துக்கு வந்தால் கணக்கே தடுமாறும். ஒரு காவல் நிலைய எல்லையில் 25,000 பேர் இருக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்துக்கு ஒரு கொலை நடந்தால் அது மாநில சராசரிதான். ஆனால் ஒரே வருடத்தில் இரண்டு நடந்துவிட்டால் விகிதம் லட்சத்துக்கு 8 ஆகி, அமெரிக்காவையே தாண்டிவிடும். அடுத்த வருடம் ஒன்றுமே நடக்காவிட்டால் "நூறு சதவீதம் குறைந்தது" என்று தலைப்பு போடலாம். இரண்டுமே கணக்குப்படி சரி, இரண்டாலும் நமக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. சிறிய ஊருக்கு ஐந்து, பத்து வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

வன்முறைக் குற்றங்களில் கொலைக் கணக்கைத்தான் ஓரளவு நம்பலாம். உடலை மறைப்பது எளிதல்ல. அடிதடி, கொடுங்காயம், மிரட்டல் வழக்குகள் அப்படியல்ல. ஊர்ப் பஞ்சாயத்திலோ ஜமாஅத்திலோ பேசி முடித்தவை காவல் நிலையப் பதிவேட்டுக்கே வராது. புகார் கொடுத்தும் முதல் தகவல் அறிக்கை போடாமல் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோவதும் உண்டு. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு அதிகாரி இதைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் அந்த வருடம் அவருடைய நிலையத்தில் குற்றம் "கூடிவிடும்". குற்றம் கூடவில்லை, பதிவுதான் கூடியது. இந்த வித்தியாசத்தைச் செய்தித்தாள்கள் அநேகமாகச் சொல்வதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கு வைக்கும் முறையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரே வழக்கில் பல குற்றப் பிரிவுகள் இருந்தால் மிகக் கடுமையான பிரிவின் கீழ் மட்டுமே அது எண்ணப்படும். கொள்ளையடித்துக் கொலையும் செய்திருந்தால் கொலை ஒன்று. அவ்வளவுதான். 2024 ஜூலை 1 முதல் பிரிவு எண்களும் மாறிவிட்டன. கொலைக்கு 302 போய் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 வந்துவிட்டது. கொலை முயற்சிக்கு 307 இருந்த இடத்தில் 109.

ஏன் கொல்கிறார்கள்? 2022-ல் இந்தியா முழுவதும் பதிவான 28,522 கொலைகளில் தகராறு காரணமானவை 9,962, சொந்தப் பகை 3,761. ஆதாயத்துக்காகச் செய்தவை 1,884 மட்டுமே. வழிப்போக்கனை வெட்டுவது அரிது. இடம், வாய்க்கால், கொடுக்கல் வாங்கல், குடி, பழைய பகை என்று தெரிந்தவருக்குள் நடப்பதே அதிகம். இந்த ஊர் ஆபத்தா என்று கேட்பதைவிட, நம் குடும்பத்துக்கு ஒரு தகராறு நிலுவையில் இருக்கிறதா என்று கேட்பது பயனுள்ளது.

இந்தக் கரிசல் சீமைக்குப் பழைய காயமும் உண்டு. 1957 செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டதும் முதுகுளத்தூர் கலவரம் வெடித்தது. கீழத்தூவலில் போலீஸ் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. அப்போது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-ல்தான். இன்றும் செப்டம்பர் 11, அக்டோபர் 30 ஆகிய நாட்களை ஒட்டி எல்லைச் சாலைகளில் சோதனைச் சாவடிகளும் கட்டுப்பாடுகளும் வரும். அதற்கும் முன்னால், ஒரு சாதியில் பிறந்ததற்காகவே ஆண்களைக் கைரேகை வைக்கச் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டம் 1947 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. குற்றக் கணக்கை ஒரு சமூகத்தின் முதுகில் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை இந்த மண் பார்த்திருக்கிறது. அந்த ஒட்டும் வேலை எப்படி நடக்கும் என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் ஊர்ச்செய்தியில் பிறர் சாதிப் பெயரைச் சேர்த்து நாமும் அனுப்புகிறோமா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

தகராறு முற்றும்போது செய்யக்கூடியவை சில உண்டு. மிரட்டல் வந்தால் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் அருகிலுள்ள நிலையத்தில் புகார் தரலாம். கமுதி பக்கம் போ என்று திருப்பி அனுப்ப முடியாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். நிலைய அதிகாரி மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இரு தரப்பையும் அமைதி காக்கும் பிணையில் வைக்கும்படி கேட்கலாம். பழைய 107, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126. கொலையில் ஆளை இழந்த குடும்பம் இழப்பீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுச் செய்யலாம்.

உங்கள் காவல் நிலையத்தின் உண்மைக் கணக்கு வேண்டுமா? மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கொலை, கொலை முயற்சி, கொடுங்காயம் என்று தனித்தனியாக, பத்து வருடத்துக்குக் கேளுங்கள்.