2003, 2004 இல் பிறந்த பிள்ளைகளுக்குக் கிடைக்காத உலகக் கிண்ணம்

கொரோனா காலத்தில் விளையாட்டில் எதெல்லாம் தடைப்பட்டது என்று கேட்டால் நாம் உடனே டோக்கியோ ஒலிம்பிக்கைச் சொல்வோம். 2020 இல் நடக்கவேண்டியது 2021 இல் நடந்தது. ஐரோப்பியக் கிண்ணமும் அப்படித்தான். ஒரு வருடம் பிந்தியது, அவ்வளவுதான். ஆனால் பிந்தி, பிறகும் பிந்தி, கடைசியில் நடக்காமலே போன போட்டிகளும் இருக்கின்றன. அவை பெரிய நட்சத்திரங்களின் போட்டிகள் இல்லை, பிள்ளைகளின் போட்டிகள். அதனால் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அதில் ஒன்று நமக்குப் பக்கத்திலே, இந்தியாவில் நடக்க இருந்தது. 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கிண்ண உதைபந்தாட்டம்.

இந்தச் சுற்றுப்போட்டி 2008 இல் நியூஸிலாந்தில் ஆரம்பமானது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 16 அணிகள். முதல் கிண்ணம் வட கொரியாவுக்கு. 2016 இல் ஜோர்தான் நடத்தியது. 2018 இல் உருகுவேயில் ஸ்பெயின் வென்றது. அடுத்த முறை இந்தியாவுக்கு என்று 2019 மார்ச்சில் பீபா முடிவெடுத்தது. அதற்கொரு காரணமும் இருந்தது. 2017 இல் ஆண் பிள்ளைகளுக்கான இதே வயதுப் போட்டியை இந்தியா நடத்தியபோது மைதானங்களுக்கு வந்தவர்கள் 13 இலட்சத்து 47 ஆயிரம் பேர். அந்த வயதுப் போட்டிகளில் அதுவரை அப்படியொரு கூட்டம் வந்ததில்லை. கிரிக்கெட் நாடு என்று நாம் நினைக்கும் இடத்தில் இது!

இந்தியப் பெண்கள் அணி எந்த வயதுப் பிரிவிலும் உலகக் கிண்ணம் ஒன்றில் ஆடியதே இல்லை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் முதன்முறையாக இடம் கிடைத்தது. சுவீடனைச் சேர்ந்த தோமஸ் டென்னர்பி பயிற்சியாளராக வந்தார். 2019 டிசம்பரில் மும்பையில் சுவீடன், தாய்லாந்து அணிகளோடு ஆடிப் பார்த்தார்கள். கொல்கத்தா, குவாஹாத்தி, புவனேஸ்வர், அகமதாபாத், நவி மும்பை என்று ஐந்து நகரங்களும் தெரிவாகின. 2020 நவம்பர் 2 ஆரம்பம், 21 இறுதிப்போட்டி.

பிறகு மார்ச் மாதம் வந்தது. அந்த மாதம் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. நம் பாடசாலைகளும் அதே மாதத்தில்தான் மூடப்பட்டன.

முதலில் 2021 பெப்ரவரி 17 இலிருந்து மார்ச் 7 வரை என்று திகதியை மாற்றினார்கள். பிள்ளைகளும் அந்தத் திகதியை நம்பித்தான் இருந்தார்கள். ஆனால் ஒரு உலகக் கிண்ணம் நடப்பதற்கு முன்பு ஒவ்வொரு கண்டத்திலும் தகுதிகாண் போட்டிகள் முடிய வேண்டும். ஆசியாவில் மட்டும் அது 2019 இலேயே முடிந்து ஜப்பானும் வட கொரியாவும் தெரிவாகியிருந்தன. மற்றக் கண்டங்களில் எல்லைகள் மூடியிருக்க, விமானங்கள் இல்லாமலிருக்க, 16 வயதுப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு கொண்டுபோவது எப்படி? 2020 நவம்பர் 17 இல் போட்டியை இரத்துச் செய்வதாக பீபா அறிவித்தது. 20 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான கொஸ்டாரிக்கா போட்டியும் அன்றைக்கே இரத்தானது. அடுத்த மாதம் 24 ஆம் திகதி, 2021 இல் ஆண் பிள்ளைகளுக்காக இந்தோனேசியாவிலும் பெருவிலும் நடக்கவிருந்த இரண்டும் இல்லையென்றானது.

நாடுகளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அடுத்த முறையும் உங்களுக்கே, 2022 இல் நடத்துங்கள் என்று இந்தியாவிடம் கொடுத்தார்கள். மைதானம் அப்படியேதான் இருக்கும், நாடும் அப்படியேதான் இருக்கும். பிள்ளை?

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2020 போட்டியில் ஆடக்கூடியவர்கள் 2003, 2004, 2005 இல் பிறந்தவர்கள். 2022 போட்டிக்கு 2005 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 31 இல் பிறந்த பிள்ளைக்கும் இடமில்லை. மூன்று வருடம் பயிற்சி எடுத்தாலும், எவ்வளவு திறமை இருந்தாலும் பிறப்புச் சான்றிதழ் விடாது.

அந்த வயதிலும் தப்பியவர்கள் உண்டு. ஸ்பெயினின் சல்மா பரலுவேலோ 2003 இல் பிறந்தவர். அவரை 2018 போட்டிக்கே, 15 வயதில் எடுத்துவிட்டார்கள். பிறகு 2022 இல் 20 வயதுப் பிரிவிலும், 2023 இல் பெரியவர்களின் உலகக் கிண்ணத்திலும் வென்றார். ஆனால் எத்தனை பேர் 15 வயதில் அந்தளவு தேறிவிடுவார்கள்? ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியும், சில பிள்ளைகள் தரம் ஒன்பதிலேயே மின்னும், சிலது தரம் பதினொன்றில்தான் திறக்கும். பிந்தித் திறந்த பிள்ளைகள்தான் இதில் அடிபட்டார்கள்.

2022 உம் இலேசாக வரவில்லை. போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சம்மேளன நிர்வாகத்தில் வெளித் தலையீடு என்று சொல்லி பீபா இந்தியாவைத் தடை செய்தது. ஓகஸ்ட் 26 இல் தடை நீங்கியது. (சிரிக்க வேண்டாம், அடுத்த ஜனவரியில் நம் நாட்டுக்கும் இதே கதை. ஏழு மாதம் போல நாமும் தடையில் இருந்தோம்.) ஒக்டோபர் 11 இல் புவனேஸ்வரில் இந்தியப் பிள்ளைகள் இறங்கினார்கள். தலைவி அஸ்தம் ஓராவோன், ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துப் பிள்ளை. அவருடைய கிராமத்துக்கு அவசரமாகப் போட்ட வீதியில் அவருடைய பெற்றோரே கூலி வேலை செய்தார்கள் என்று அப்போது செய்திகளில் வந்தது. அமெரிக்காவிடம் 8-0, மொரோக்கோவிடம் 3-0, பிரேசிலிடம் 5-0. ஒரு கோல்கூட இல்லை. நாமும் பார்த்துக் கவலைப்பட்டோம். ஆனாலும் தேசிய கீதத்துக்கு நின்றார்களே, அதுகூட அவர்களுக்கு இரண்டு வயது மூத்த அக்காமாருக்குக் கிடைக்கவில்லை.

ஆண் பிள்ளைகளின் பக்கம் இன்னும் மோசம். 2023 இல் இஸ்ரேல் அணி வருவதற்கு எதிர்ப்பு எழ, இந்தோனேசியாவிடமிருந்து 20 வயதுப் போட்டியை எடுத்து ஆர்ஜென்டினாவுக்குக் கொடுத்தார்கள். பெருவிடமிருந்து எடுத்த 17 வயதுப் போட்டி இந்தோனேசியாவுக்கு வந்தது. பெருவுக்கு இரண்டு தடவையும் இல்லை.

2025 இலிருந்து 17 வயதுப் போட்டிகளை ஒவ்வொரு வருடமும் நடத்துகிறார்கள். பெண்களுக்கு மொரோக்கோவில், ஆண்களுக்குக் கட்டாரில். ஒரு வருடம் தவறினால் அடுத்த வருடம் ஆடலாம். முன்பே அப்படி இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதை எழுதும்போது நம் பாடசாலை மைதானம்தான் கண்ணுக்குள் வருகிறது. 2020 தொடக்கத்தில் வலயமட்டப் போட்டிக்கென்று தயாரான அணியொன்று இருந்தது. ஜேர்சிக்கும் அளவெடுத்திருந்தோம். பாடசாலை பழையபடி திறந்தபோது அதில் பாதிப்பேருக்கு வயது கடந்திருந்தது. ஒருவன் வந்து, "சேர், ஒரு வயசு கூடத்தானே, கேட்டுப் பாருங்களேன்" என்றான். கேட்டுப் பார்க்க இடமில்லை என்று அவனுக்கும் தெரியும்.

அந்த அணியில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே பெயரைப் போட்டுவிடுங்கள். அளவெடுத்த கடதாசி இன்னும் நம்மிடம் இருக்கிறது.