வீட்டு ஒலிப்பதிவு அறை: இரைச்சலும் எதிர்முழக்கமும்

வீட்டில் பதிவாகும் குரலைக் கெடுப்பவை வெளி இரைச்சலும் அறையின் எதிர்முழக்கமும். பின்னது, வெற்றுச் சுவரிலும் மொசைக் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி. அது 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரமே அதன் அளவு. 1890களில் ஹார்வர்டு பல்கலைக்கழக விரிவுரை அறையில் வாலஸ் சபின் இருக்கை மெத்தைகளை அடுக்கிப் பார்த்து, உறிஞ்சும் பொருள் கூடக்கூட இந்நேரம் குறைவதை நிறுவினார். வீட்டுக்கும் அதே வழிதான்: மெத்தை, கனத்த ஜமுக்காளம், துணி நிறைந்த திறந்த பீரோ. பலரும் ஒட்டும் முட்டை அட்டையால் பெரிய பயனில்லை. தாழ்ந்த ஒலியை அது உறிஞ்சுவதே இல்லை.

தெரு இரைச்சலைத் துணி தடுக்காது. கனமான கதவும், இடுக்குகளை அடைப்பதும் வேண்டும். பதிவின்போது மின்விசிறி ஓடக்கூடாது.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருப்பது நல்லது. தூரம் பாதியானால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் உயரும். அறையின் முழக்கமோ ஏறக்குறைய அப்படியே நிற்கும்.