நாமக்கல் தந்த சில்பி

சென்ற இதழில் பேரூர்க் கோயிலின் கனகசபை மண்டபத் தூண்களைச் சுற்றி வந்தோம். கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பாமல், ஒரு தூணின் முன்னால் நின்று பார்க்கும் பழக்கத்தைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஏற்படுத்தியவர் யார் என்று கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் சில்பி. இயற்பெயர் பி.எம். சீனிவாசன். அவர் நாமக்கல்காரர் என்பது கொங்குப் பகுதியிலேயே பலருக்குத் தெரியாது.

1919-இல் பிறந்த அந்தப் பையனுக்கு ஊரே பள்ளிக்கூடமாக இருந்தது. நாமக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைகள் இரண்டு உள்ளன. அதியமான் மரபினர் குடைந்தவை. நரசிம்மர் குடைவரைக்குள் போனால் ஒரு சுவரில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மம், இன்னொன்றில் கால் தூக்கி உலகளக்கும் திரிவிக்கிரமர், பூமிதேவியை ஏந்திய வராகர். வெளியே, மேற்கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர்.

அதே ஊரில் இன்னொரு பெரியவர் இருந்தார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. அவரைப் பாட்டுக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் ஓவியம்தான் அவருக்குச் சோறு போட்ட தொழில். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து டில்லியில் தங்கப் பதக்கம் வாங்கியவர். சீனிவாசனின் கையைப் பார்த்து, இவனை எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேருங்கள் என்று சொன்னவர் அவர்தான். அந்த ஒரு சொல்லுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

1850-இல் தொடங்கிய அந்தப் பள்ளிக்குக் கட்டடக் கலையோடு பழைய உறவு உண்டு. சென்னை செனட் மாளிகையையும் ஊட்டி நீலகிரி நூலகத்தையும் கட்டிய ராபர்ட் சிஸம் அதன் தலைவராக இருந்தவர். சீனிவாசன் சேர்ந்தபோது முதல்வர், மெரினா உழைப்பாளர் சிலையைப் பின்னாளில் வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சில்பி கட்டடக் கலையில் பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் அவர் வரைந்த கோபுரங்களையும் மண்டபங்களையும் பாருங்கள்: எந்தக் கல் எதைத் தாங்குகிறது, தூணின் தலையில் அமரும் போதிகை எங்கே முடிந்து உத்திரம் எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். கட்டியவனின் கணக்கு புரியாத கையால் அப்படி வரைய முடியாது.

பள்ளியை முடித்ததும் ஆனந்த விகடன். அங்கே ஓவியர் மாலி அவருக்கு வைத்த பெயர்தான் ‘சில்பி’. ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடர் அங்கேதான் பிறந்தது. படம் சில்பி, எழுத்து தேவன். கோயில் கோயிலாகப் போய், சிலையின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தார். கேமராவை அனுமதிக்காத கருவறைகளின் மூலவர்களையும் சந்நிதியில் அமர்ந்து வரைந்து கொடுத்தார்.

அந்தக் கோடுகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அன்று கோட்டோவியம் துத்தநாக பிளாக்கில் அச்சாயிற்று. அந்த பிளாக்குக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும். சாம்பல் நிறம் தெரியாது. ஆகவே சிலையின் மடிப்பில் விழும் நிழலை முழுக்க முழுக்கக் கோட்டின் நெருக்கத்தாலேயே காட்டியாக வேண்டும். தொடையின் திரட்சிக்கு வளைந்து போகும் மெல்லிய கோடுகள், பின்னணிக் கல்லுக்குக் குறுக்கும் நெடுக்குமான பின்னல், வெளிச்சம் விழும் இடத்தில் வெறும் காகிதம். ஆரத்தின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கும் இருட்டும் மூடிய சிலையில் புகைப்படத்துக்குப் பிடிபடாத வேலைப்பாட்டை இந்தப் பேனா வெளியே கொண்டுவந்தது. இதில் சில்பிக்கு நிகரான இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

22 ஆண்டுகள் விகடனில் இருந்தார். பிறகு ‘பவன்ஸ் ஜர்னல்’, ‘தினமணி கதிர்’ போன்ற இதழ்களில் தெய்வத் திருவுருவங்களாக வரைந்துகொண்டே இருந்தார். 1983-இல் மறைந்தார். அவரிடம் பயின்ற பத்மவாசன் அந்தக் கோட்டை இன்றும் தொடர்கிறார்.

இந்தப் படங்களின் மதிப்பு அழகோடு முடிந்துவிடவில்லை. திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சி, நகக்கண் வரை செதுக்கிய நுணுக்கங்களை மழுங்கடித்த கோயில்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அங்கெல்லாம் பழைய முகம் எப்படி இருந்தது என்பதற்கு ஓவியரின் கோடும் ஒரு சாட்சி. குடமுழுக்கு வேலையைத் தொடங்கும் முன் ஸ்தபதிகளும் திருப்பணிக் குழுக்களும் சில்பியின் படங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ பின்னர் விகடன் பிரசுரமாக இரு தொகுதிகளில் வந்துள்ளது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டி காலத்தில் தொடர்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த பைண்டு புத்தகங்கள் நம் வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கும். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். சில்பியின் கையெழுத்தோடு படம் இருந்தால், அதை ஊர் நூலகத்துக்கோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)