சிறகு இருந்தது, வால் இல்லை

பாடம் முடிந்த ஒரு மாலையில் மாணவர் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "ஹஜ்ரத், வானில் முதலில் பறந்தவர் ஒரு முஸ்லிமாமே! பத்து நிமிடம் பறந்தாராம். உண்மையா?" என்று வினவினார். வாட்ஸ்அப்பில் வந்த அச்செய்தி அப்பாஸ் இப்னு பிர்னாஸைப் பற்றியது. ஹதீஸ் பயிலும் அவரிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "இதன் அறிவிப்பாளர் யார்?"

இப்னு பிர்னாஸ் 9ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் குர்துபா நகரில் வாழ்ந்த கவிஞர். கண்ணாடி செய்யும் கலையில் வல்லவர். ஹிஜ்ரி 274இல் (கி.பி. 887) மறைந்தார். அவர் பறக்க முயன்றதை விவரிக்கும் வரலாற்றாசிரியர் அல்மக்கரீ இறந்ததோ 1632இல். இடையில் ஏழு நூற்றாண்டுகள்! ஆயினும் செய்தி அடியோடு ஆதாரமற்றதன்று. இப்னு பிர்னாஸின் சமகாலக் கவிஞர் முஃமின் இப்னு ஸயீத் அம்முயற்சியைச் சுட்டிப் பாடியதையும் அல்மக்கரீ பதிவு செய்துள்ளார்.

இப்னு பிர்னாஸ் உடலில் இறகுகளைப் போர்த்தி, இரு சிறகுகளைப் பொருத்தி, உயரமான இடத்திலிருந்து காற்றில் பாய்ந்தார். கணிசமான தொலைவு சென்றார். இறங்கும்போது முதுகில் பலத்த அடிபட்டார். பறவை இறங்குவதற்கு வால் துணை நிற்பதை அவர் கருதவில்லை. தமக்கு வால் அமைத்துக்கொள்ளவில்லை. இதுவே அக்குறிப்பின் சாரம்.

இதில் அறிவியல் உண்மை உண்டு. சற்றே சாய்ந்த சிறகு முன்னேறும்போது காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அப்போது சிறகின் மேற்புறத்தைவிடக் கீழ்ப்புறத்தில் காற்றழுத்தம் மிகுந்திருக்கும். அவ்வேறுபாடே உடலைத் தாங்கும் விசை. வேகம் குறைந்தால் அவ்விசையும் குறையும். ஆகவே தரையிறங்கும் பறவை உடலை நிமிர்த்தி, சிறகையும் வாலையும் விரிக்கிறது. வேகம் தணிகிறது; சமநிலையும் குலைவதில்லை. சிறகு தூக்கிவிடும், பத்திரமாக இறக்கிவிட வாலும் வேண்டும்.

"முதலில் பறந்தவர்" என்று அறுதியிட நம்மிடம் சான்றில்லை. "பத்து நிமிடம்" என்பது அல்மக்கரீயின் குறிப்பில் இல்லவே இல்லை. அவரது துணிவைப் பதிவு செய்த முன்னோர் அவரது தவற்றையும் மறைக்கவில்லை. நாமோ பெருமைக்காக ஒரு சொல்லைச் சேர்க்கிறோம்; அச்சொல் பொய்யென்று தெரியவரும் நாளில், உள்ள உண்மையையும் பிறர் நம்ப மறுப்பர்.

மாணவர் செய்தியை அழிக்கவில்லை. பத்து நிமிடத்தை நீக்கி, வாலைப் பற்றிய வரியைச் சேர்த்து அனுப்பினார்.