ஐஸ் ஹவுஸில் ஒரு தாய்மடி – சகோதரி சுப்புலட்சுமி

புதுச்சேரியில் இருந்து சென்னைக்குப் போகிறவர்கள் மெரினாவைப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். அந்தக் கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்தபடி வட்டமான முகப்போடு ஒரு பழைய கட்டிடம் நிற்கிறது. இப்போது அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனால் சென்னைக்காரர்கள் பலர் அந்தப் பகுதியை இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். பெயருக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, அங்கே உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்து விற்பதற்காக 1842-ம் ஆண்டில் கட்டிய கிடங்கு அது. இந்தியாவிலேயே இயந்திரத்தால் ஐஸ் செய்ய முடிந்தவுடன் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அதே கட்டிடத்தில் சிறு வயதிலேயே கணவனை இழந்த பெண்கள் தங்கிப் படித்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவர்களை அங்கே கூட்டிவந்து, படிக்க வைத்து, ஆசிரியைகளாக வெளியே அனுப்பியவர் சகோதரி சுப்புலட்சுமி. அவர் பிள்ளை பெறவில்லை. ஆனால் அவர் வளர்த்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை!

பதினொரு வயதில் முடிந்துபோன கல்யாணம்

சுப்புலட்சுமி 1886 ஆகஸ்ட் 18 அன்று மயிலாப்பூரில் பிறந்தார். அப்பா ஆர்.வி.சுப்பிரமணிய ஐயர், அம்மா விசாலாட்சி. தஞ்சை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஆசாரமான குடும்பம். பெண் படிப்பில் கெட்டிக்காரி. ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். ஆனால் படிப்பு எப்படி இருந்தாலும் அந்தக் கால வழக்கம் மாறவில்லை. பதினொரு வயதில் கல்யாணம் நடந்தது. கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துபோனார்.

அந்தக் காலத்தில் ஒரு பிராமணக் குடும்பத்தில் விதவை என்றால் என்ன அர்த்தம் என்பதை இன்றைய தலைமுறை நினைத்துப் பார்ப்பதே கடினம். தலையை மழித்துவிடுவார்கள். நகை கிடையாது, பூ கிடையாது, பொட்டு கிடையாது. உடுத்த நார்மடியோ வெள்ளையோ. நல்ல காரியங்களில் எதிரே வரக்கூடாது. ஒரு வேளைச் சாப்பாடு. வீட்டு வேலை மட்டும் முழுவதும் அவள் தலையில். விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று ஆங்கில அரசு 1856-லேயே சட்டம் போட்டுவிட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருந்த உரிமை வீட்டுக் கூடத்துக்குள் நுழையவில்லை.

இங்கேதான் சுப்புலட்சுமியின் பெற்றோர் வித்தியாசமானவர்கள். மகளை மூலையில் உட்கார வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அப்பா படிக்க வைக்கத் துணிந்தார். வீட்டில் இருந்த சித்தி வாலாம்பாளும் விதவைதான். அவரும் துணை நின்றார். ஊர் பேசியது, உறவு ஒதுக்கியது. ஆனாலும் அந்தப் பெண் கான்வென்டில் படித்து, பிறகு பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து, 1911 ஏப்ரலில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை என்று வரலாற்றில் இடம் பிடித்தார். அப்போது வயது 24.

சுமையா, மூலதனமா?

பட்டம் வாங்கியவர் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். அவர் நினைத்தது வேறு. தனக்குக் கிடைத்த பெற்றோர் எல்லாப் பெண்ணுக்கும் கிடைப்பதில்லையே... அப்படிப்பட்டவர்களுக்கு யார் தாயும் தகப்பனும்?

1912-ல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்திலேயே எழும்பூரில் ஒரு வீட்டில், ஒரு சில இளம் விதவைகளை வைத்துக்கொண்டு சாரதா இல்லமும் ஆரம்பமானது. சித்தி வாலாம்பாளும் அந்த வேலையில் தோள் கொடுத்தார். விதவைகளைச் சேர்த்து வைத்திருக்கும் வீட்டை அக்கம்பக்கம் எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இல்லத்தில் பெண்கள் கூடக் கூட, இடம் போதாமல் கடைசியில் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸுக்கு மாறினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் பார்வையில் இளம் விதவை என்பவள் வெறும் செலவு. கடைசி வரை சோறு போட வேண்டும், வரவு எதுவும் கிடையாது. இன்னொரு பக்கம் மாகாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியைகள் கிடைக்காமல் அரசு தவித்துக்கொண்டிருந்தது. ஆண் வாத்தியார் இருக்கும் பள்ளிக்குப் பெண்ணை அனுப்ப மேல்சாதிக் குடும்பங்கள் தயாராக இல்லை. கல்யாணமான பெண்கள் வேலைக்கு வர மாட்டார்கள். ஆக ஒரு பக்கம் தேவை, மறுபக்கம் யாருக்கும் வேண்டாத மனிதர்கள்! இரண்டையும் இணைத்தால் இரண்டு பிரச்சினையும் தீரும் என்று சுப்புலட்சுமி கண்டார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அம்மையாரும் இதை உணர்ந்து, அரசின் உதவி கிடைக்க வழி செய்தார்.

இது தர்மம் போட்டுக் காப்பாற்றும் ஏற்பாடு அல்ல. சம்பளம் வாங்கும் பெண்ணை யாரும் மூலையில் உட்கார வைக்க முடியாது என்பதுதான் இதற்குள் இருந்த விஷயம். நேற்று வரை அபசகுனம் என்று ஒதுக்கப்பட்டவள் இன்று நாற்பது குழந்தைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் டீச்சர்! வீட்டுக்குப் பணம் அனுப்பவும் அவளால் முடியும். சட்டத்தால் 50 ஆண்டுகளுக்கு மேலாக மாற்ற முடியாததை ஒரு சம்பளக் கவர் மாற்றத் தொடங்கியது.

1922-ல் ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. அதன் முதல் முதல்வர் சுப்புலட்சுமிதான். 1920-களிலேயே சாரதா வித்யாலயாவும் உருவானது. பின்னாளில் அது ராமகிருஷ்ண மிஷன் பொறுப்புக்குப் போய், தி.நகரில் பெரிய பள்ளியாக வளர்ந்தது.

அவர் செய்த சமரசம்

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் சுப்புலட்சுமியைப் பற்றிய ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. அவருடைய விதவையர் இல்லம் பிராமண விதவைகளுக்கானது. அங்கே சாதி ஆசாரங்கள் கடைப்பிடிக்கப்பட்டன. விதவை மறுமணத்தை அவர் அங்கே முன்னிறுத்தவில்லை. தெலுங்கு நாட்டில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881-லேயே விதவை மறுமணம் நடத்தி வைத்திருந்தார். அப்படியிருக்க இவர் ஏன் தயங்கினார்?

இதற்கு விடை அதற்கு முந்தைய அனுபவங்களில் இருக்கிறது. பண்டித ரமாபாய் 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் என்ற பள்ளியைத் தொடங்கினார். ரமாபாய் கிறிஸ்தவர். அங்கே படிக்கும் பெண்களும் மதம் மாறிவிடுவார்கள் என்ற பயம் கிளம்பியது. பல குடும்பங்கள் தங்கள் பெண்களைத் திருப்பி அழைத்துக்கொண்டன. பள்ளியின் நோக்கத்தில் பழுதில்லை, ஆனால் பெண்கள் போய்விட்டார்கள். மாறாக, புனேயில் 1896-ல் விதவைகளுக்கு இல்லம் தொடங்கிய கார்வே, தாமே ஒரு விதவையை மணந்தவராக இருந்தும், இல்லத்தில் படிப்புக்கு முதலிடம் கொடுத்து நிதானமாக நடந்தார். சுப்புலட்சுமி போன பாதையும் இதுதான். பெண்ணை அனுப்ப வேண்டியவர்கள் அந்த ஆசாரமான அப்பாக்கள். அவர்கள் பயந்துவிட்டால் அந்தப் பெண் திரும்ப இருட்டறைக்குத்தான் போவாள்.

இந்தச் சமரசத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அந்தக் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. அதே 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசிக் குடும்பங்களில் இருந்து தப்பி வந்த பெண்களைச் சென்னையின் சாதி விடுதிகள் ஏற்றுக்கொள்ளாததால், 1930-ல் அவர் ஔவை இல்லத்தைத் தொடங்க வேண்டி வந்தது. ஒருவர் கதவை மெதுவாகத் திறந்தார். இன்னொருவர் திறக்காத இடத்தில் புதிதாக வாசல் வைத்தார். தமிழ்ப் பெண்களின் வரலாற்றுக்கு இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள்.

மறுமணம் பற்றி அமைதியாக இருந்தவர் குழந்தை மணத்தைப் பற்றி அமைதியாக இல்லை. நோய்க்கு மருந்து கொடுப்பதோடு நோய் வரும் வழியையும் அடைக்க வேண்டும் அல்லவா? திருமண வயதை ஆராய அமைக்கப்பட்ட ஜோஷி குழுவின் முன் அவர் சாட்சியம் அளித்தார். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை நிர்ணயித்த சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. (இந்தச் சாரதா, சட்டத்தைக் கொண்டுவந்த ஹர்பிலாஸ் சாரதாவின் பெயர். சாரதா இல்லத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

அப்போது புதுச்சேரியில்...

இந்தச் சட்டம் அன்று புதுச்சேரியைத் தொடவில்லை. இது பிரெஞ்சு மண். இங்கே இந்துக்களின் குடும்ப விஷயங்களில் அவரவர் வழக்கமே செல்லும் என்று பிரெஞ்சு அரசு விட்டிருந்தது. 1881-ல் ஒரு ஆணை வந்தது. சொந்தச் சாதி, மத வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் வரலாம் என்றது அது. அப்படி வந்த குடும்பங்களுக்குப் பெண்ணின் திருமண வயது 15. அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம் 1930-ல் வந்ததை விட ஒரு வயது கூட! ஆனால் அப்படித் துறந்தவர்களில் கிறிஸ்தவர்களே அதிகம். பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் பழைய வழக்கத்திலேயே நின்றன. நல்ல சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது, வீட்டுக்குள் போய்ப் பேச ஒரு மனிதர் வேண்டும் என்பதற்கு 1856-ம் சாட்சி, 1881-ம் சாட்சி. சென்னைக்கு அந்த மனிதராகக் கிடைத்தவர் சுப்புலட்சுமி.

ஓய்வு இல்லாத ஓய்வுக்காலம்

அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் உட்காரவில்லை. சிறு வயதில் படிக்க முடியாமல் போன பெரிய பெண்களுக்காக 1942-ல் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம் தொடங்கினார். இளம் பெண்களுக்கு ஒரு வழி பிறந்தது, வயது தாண்டியவர்கள் என்ன செய்வார்கள் என்ற கவலை ஒரு தாய்க்குத்தான் வரும். 1937 முதல் 1956 வரை மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் தலைவராக இருந்தார். அந்த மன்றத்தின் முயற்சியில் 1956-ல் பிறந்ததுதான் இன்று சென்னையில் பெயர் பெற்ற வித்யா மந்திர் பள்ளி. 1954-ல் தாம்பரம் பக்கம் உள்ள மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல மையம் அமையத் துணை நின்றார். அப்போது அவருக்கு 68 வயது. 1952 முதல் 1956 வரை சென்னை சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்தார்.

1920-ல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1958-ல் சுதந்திர இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேயப் பெண் எழுத்தாளர், அவருடைய வாழ்க்கையை 1966-ல் ஒரு குழந்தை விதவையின் கதையாக ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி அன்று சுப்புலட்சுமி காலமானார். வயது 83.

தாய் என்ற சொல்லுக்குப் பெற்றவள் என்று மட்டும் பொருள் சொன்னால் இந்த அம்மையாருக்கு அதில் இடமில்லை. ஆனால் பெற்றவர்களே வேண்டாம் என்று ஒதுக்கிய பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, சோறு போட்டு, எழுத்து சொல்லிக்கொடுத்து, சொந்தக் காலில் நிற்க வைத்து அனுப்புகிறவளை வேறு என்ன சொல்லி அழைப்பது? அவரிடம் படித்துப் போன ஒவ்வொரு ஆசிரியையும் எத்தனை பெண்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்திருப்பார், அந்தப் பெண்கள் தங்கள் மகள்களை எவ்வளவு தூரம் படிக்க வைத்திருப்பார்கள்? கூட்டு வட்டி போல வளர்ந்துகொண்டே போகும் கணக்கு அது. இன்று நம் ஊர்க் கல்லூரிகளில் பாதி இருக்கைகளில் பெண்கள் உட்கார்ந்திருப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது சாதாரணமாகிவிட்டது. அப்படிச் சாதாரணமாவதற்காகத்தான் சுப்புலட்சுமி பாடுபட்டார்.