‘சாலை’: ஒரு சொல்லும் எல்லைப்புற வரலாறும்

ஒரே சொல்வடிவம் இருவேறு மொழிக்குடும்பங்களில் வழங்கும்போது பொருள் வேறுபடுதல் இயல்பு. அவ்வேறுபாட்டை உணராது கல்வெட்டுகளை அணுகின் வரலாறும் திரியும். இதனைச் ‘சாலை’ என்னும் சொல்கொண்டு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியே களியக்காவிளைக்கு வரும் பெருவழியைத் தமிழர் ‘தேசிய நெடுஞ்சாலை’ என்பர். மலையாளிகள் ‘தேசீய பாத’ என்பர். வடமொழிச் ‘சாலா’ மண்டபம், மனை, கொட்டில் ஆகியவற்றைக் குறிக்கும். மலையாளத்தில் ‘வாயனசால’, ‘பாடசால’ முதலியவற்றில் அவ்விடப்பொருளே நிலைபெற்றது. தமிழிலோ ‘பாடசாலை’, ‘சிறைச்சாலை’ என இடப்பொருளும், அதனோடு வழிப்பொருளும் ஒருங்கே வழங்குகின்றன. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆட்சிமொழி மாறும் அவ்வெல்லையில் இச்சொல்லின் பொருட்பரப்பும் மாறுகிறது.

இவ்வேறுபாடு வரலாற்றுச் சிக்கலொன்றைத் தொடுகிறது. முதலாம் இராசராசனின் (985–1014) கல்வெட்டுகள், அவனது 4ஆம் ஆட்சியாண்டு முதற்கொண்டு, காந்தளூர்ச் சாலையில் அவன் ‘கலம்’ அறுத்தமையைப் போற்றுகின்றன. காந்தளூரைத் திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதியெனக் கொள்வார் பலர். ‘கலம்’ மரக்கலம் எனக் கொண்டோர் சாலையைக் கப்பற்றுறையாகக் கருதினர். உண்கலம் எனக் கொண்டோர் உணவளிக்கும் அறநிலையமாகக் கருதினர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதுபற்றித் தனிநூலே எழுதினார்.

இங்குத் துணைபுரிவது ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு (கி.பி. 866). முன்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றிப் பெற்று, விண்ணகரம் எடுத்து, காந்தளூர் முறைமைப்படி 95 சட்டர்க்குச் சாலை அமைத்ததை அது கூறுகிறது. சட்டர் என்போர் அங்குத் தங்கிப் பயின்ற மாணவர். இலக்கணம், மீமாஞ்சை ஆகியவற்றில் அவர்க்குப் பயிற்சி வேண்டும் என்றும் அது விதிக்கிறது. அவ்வூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரம்.

இராசராசனுக்கு ஏறத்தாழ 120 ஆண்டுகள் முற்பட்ட இச்சான்று, காந்தளூரையே முன்மாதிரியாகச் சுட்டுவதால் தனிமதிப்புடையது. இதன்படி காந்தளூர்ச் சாலை முதற்கண் உண்டுறை கல்வி நிலையமே. கப்பற்றுறை என்னும் பொருள் அச்சொல்லுக்குள் இல்லை. ‘கலம்’ பற்றிய வழக்கு இதனால் தீர்ந்துவிடாது. எனினும் அங்குக் கடற்போர் நிகழ்ந்ததென்பார் அதனைச் ‘சாலை’ என்னும் சொல்லால் அன்றி வேறு சான்றுகளால் நிறுவுதல் வேண்டும்.

பாறசாலை, வலியசாலை முதலிய ஊர்ப்பெயர்களை ஆராய்வோரும் இன்றைய வழிப்பொருளை அவற்றின்மேல் ஏற்றாது, அவ்வக் காலத்து ஆவண வழக்கினையே முதலில் நோக்குதல் தகும்.